வேற்றுமை வேறு, உயர்வு தாழ்வு வேறு

(கோலார் தங்கவயலில் பள்ளி ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களை நல்ல பிரஜைகளாக்குவது எப்படி, பலவகைக் கலாசாரங்களை மதிக்கச் செய்வது எப்படி என்று பேசும்படி அன்புடன் பணித்திருக்கிறீர்கள். நான் ஆசிரியன் அல்ல. பௌதிகம் படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே இந்த ஊரையே பரிசோதனைக் கூடமாக வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

பொதுவாக இந்தப் பாடம் எப்படி நடக்கிறது? சுதந்திர தினத்தன்று ஒரு குழந்தைக்குப் பஞ்சாபித் தலைப்பாகை, இன்னொன்றுக்கு வங்காளப் புடவை, மற்றொன்றுக்குக் கேரள முண்டு. பார்க்க அழகுதான். ஆனால் பக்கத்து பெஞ்சில் உட்காரும் தெலுங்குப் பையனின் கொள்ளுத் தாத்தா எங்கிருந்து, ஏன் இவ்வூருக்கு வந்தார் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தது. அதன்பின் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழரும் தெலுங்கரும் திரளாக வந்தார்கள். கன்னடம் பேசுவோர், உருது பேசும் முஸ்லிம்கள், மலையாளிகள், ஆங்கிலோ இந்தியர், ஐரோப்பியர் என்று எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் இது. சுரங்கத்தில் கேஜ் என்னும் கூண்டில் கீழே இறங்குகிறவர் பேசுவது ஒரு மொழியாக இருக்கும். மேலே வைண்டிங் எஞ்சினை இயக்குகிறவர் பேசுவது இன்னொரு மொழியாக இருக்கும். ஆனால் மணிச் சமிக்ஞை இருவருக்கும் ஒன்றே. அதில் பிசகினால் உயிர் போய்விடும். கூண்டில் நிற்பவர் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்டுக்கொண்டு யாரும் எஞ்சினை இயக்க முடியாது. அவரவர் பாஷை அவரவருக்கு; விதி மட்டும் எல்லாருக்கும் பொது. நமது அரசியல் சாசனத்தைக் குழந்தைகளுக்கு விளக்க இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தரைக்கு மேலே நிலைமை அப்படி இல்லை. அதிகாரிகளுக்குத் தோட்டத்துடன் பங்களா; தொழிலாளிகளுக்கு லைன்களில் மூங்கில் தட்டி வீடுகள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மேஜை வேலை கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்குப் பாதாள வேலை கிடைத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அது சுரங்க இயந்திரங்களுக்காக வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மொழி, உணவு, வழிபாடு ஆகியவற்றில் உள்ள வேற்றுமை காப்பாற்றப்பட வேண்டியது. உயர்வு தாழ்வு என்பது ஒழிக்கப்பட வேண்டியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் மாணவனுக்குப் பிரித்துக் காட்டுவதே, என் அபிப்பிராயத்தில், குடிமைப் பாடத்தின் சாரம்.

அந்தத் தொழிலாளர்கள் அனுதாபத்துக்கு மட்டும் உரியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே வேரூன்றியது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை, அவர் மறைவுக்குப்பின் அப்பாதுரையார் முயற்சியால் இதே தங்கவயலிலிருந்து வெளிவந்தது. 1930இல் கைரேகை பதிய வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுயமரியாதையுள்ள பிரஜை எப்படி இருப்பார் என்பதற்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே தேட வேண்டிய உதாரணங்கள் இவை.

பௌதிகக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1965இல், இங்கே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள். உலகில் அதை முதலில் கண்ட குழுக்களில் அவர்களும் ஒருவர். மற்ற துகள்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால் அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. மூன்று தேசத்து விஞ்ஞானிகளுக்கும் அந்த ஆழத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் நம் ஊர்ச் சுரங்கத் தொழிலாளிகளே.

இனி, வகுப்பில் செய்யக்கூடிய மூன்று காரியங்கள்.

முதலாவதாக, ஒவ்வொரு மாணவனும் தன் குடும்பம் எந்தக் கிராமத்திலிருந்து வந்தது, என்ன வேலைக்கு வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதட்டும். வகுப்புச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டி அந்த ஊர்களைக் குறியுங்கள். அந்த வேலை ஏன் அவர்களுக்கு வந்தது என்ற கேள்வியையும் விடாதீர்கள்.

இரண்டாவதாக, மொழி. ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மையினருக்கு வசதி செய்து தர வேண்டும் என்கிறது சாசனத்தின் 350ஏ பிரிவு. அந்த உரிமையைக் கைவிடக் கூடாது. அதே சமயம் நம் பிள்ளைகள் கன்னடத்தை மதிப்பெண்ணுக்காக இல்லாமல், அண்டை வீட்டாரின் பாஷையாக நினைத்துப் பிழையறக் கற்க வேண்டும். தமிழ் இனிமை என்று சொல்லும் குழந்தைக்குக் கன்னடத்தின் இனிமையும் புரியும்.

மூன்றாவதாக, மனு எழுதப் பழக்குங்கள். என் உத்தியோக காலம் முழுவதும் நான் பார்த்தது இது: விவரம் தெரிந்தவர் காரியத்தை முடித்துக்கொண்டு போவார், தெரியாதவர் வாசலில் காத்திருப்பார். தெருக் குழாய் பற்றி நகரசபைக்கு ஒரு கடிதம், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம். ஒன்பதாம் வகுப்பு மாணவனால் இதைச் செய்ய முடியும். தனக்காக எழுதுவதோடு, எழுதத் தெரியாத பக்கத்து வீட்டாருக்காகவும் எழுதக் கற்றுக்கொடுங்கள்.

1976இல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில் சகோதரத்துவமும், கலவைப் பண்பாட்டைப் போற்றுவதும், விஞ்ஞான மனப்பான்மையும் இடம் பெற்றுள்ளன. அவற்றை மனப்பாடம் செய்வது எளிது. யார் அருகில் யார் உட்காருகிறார்கள், யார் சோற்றை யார் பகிர்ந்து உண்கிறார்கள், வகுப்பைப் பெருக்க யாரை அனுப்புகிறோம் என்று கவனித்தால், மாணவர்கள் உண்மையில் எதைக் கற்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் நிலை வந்தது. இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு முன்னோர் வெட்டிய தங்கத்தில் பங்கு கிடைக்கவில்லை. பலமொழிக்காரருடன் சரிசமமாகச் சேர்ந்து வாழும் பழக்கமாவது அவர்களுக்குப் பிதுரார்ஜிதமாகக் கிடைக்கட்டும். அதைக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.