உண்மையைச் சொன்னவர் தோற்காத விதி

ஆட்டக் கோட்பாடு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டு காட்சிகள்தான். தனித்தனி அறையில் அடைக்கப்பட்டு ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் இரண்டு கைதிகள். அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்துக்கொள்ளும் இரண்டு வல்லரசுகள். எதிராளியை முந்துவது எப்படி என்று சொல்லித்தரும் தந்திர சாஸ்திரம் இது என்ற எண்ணம் அதனால் நிலைத்துவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் இன்று மாலை எனக்கு வழக்கு. 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசை லாயிட் ஷேப்லியோடு பகிர்ந்துகொண்ட ஆல்வின் ராத் என்ற பேராசிரியரின் ஆய்வு வாழ்க்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். ஊரே பொய் சொல்கிறது என்றால் முதலில் ஊரைத் திட்டாதே, ஊருக்குப் போட்டிருக்கும் விதியைப் பார் என்பதுதான் அவர் கண்டது. தந்திரம் தெரியாதவனும் ஏமாறாமல் பிழைக்கக்கூடிய விதியை எழுத முடியும் என்பதும், அதை எழுதுவதே இந்தக் கோட்பாட்டின் நல்ல பயன் என்பதும் என் வாதம்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ்கூட இல்லாமல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1971-இல் பட்டம் பெற்றார். 1974-இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம். இரண்டுமே பொருளியலில் அல்ல, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் துறையில். வழிகாட்டி ராபர்ட் வில்சன். (ராத், ஹோம்ஸ்ட்ரோம், மில்க்ரம் என்று அவருடைய மாணவர்கள் மூன்று பேர் நோபல் வாங்கினார்கள், 2020-இல் மில்க்ரமோடு சேர்ந்துதான் ஆசிரியருக்கே பரிசு வந்தது.) அதன்பின் இல்லினாய், பிட்ஸ்பர்க், ஹார்வர்டு, மறுபடி ஸ்டான்ஃபோர்டு. தொடக்கத்தில் அவர் எழுதியதில் பெரும்பகுதி கணிதம். திருப்பம் வந்தது 1984-இல், புது மருத்துவர்கள் மருத்துவமனைகளில் வேலைக்குச் சேரும் கதையை அவர் கையில் எடுத்தபோது.

அந்தக் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களைவிடப் பயிற்சி மருத்துவர் இடங்கள் அதிகம். நல்ல மாணவரை அடுத்த மருத்துவமனை கொத்திக்கொண்டு போகுமுன் நாம் பிடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் முந்தியது. முந்தி முந்தி, படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே வேலைக்கான கடிதம் வரத் தொடங்கியது. எந்தத் துறையில் தனக்கு ஆர்வம் என்று மாணவருக்கே தெரியாத வயது அது. கல்லூரிகள் கூடிப் பேசி, குறிப்பிட்ட நாள்வரை மதிப்பெண் விவரத்தையே வெளியில் தருவதில்லை என்று 1945-இல் முடிவெடுத்தன. முந்துவது நின்றது, நெருக்குவது தொடங்கியது. பதில் சொல்ல மாணவருக்குத் தந்த அவகாசம் முதலில் நாள்கணக்கில் இருந்தது, பிறகு மணிக்கணக்காகச் சுருங்கியது. 1949-இல் 12 மணி நேர அவகாசம் தரலாம் என்று ஒரு யோசனை வந்தபோது, அது மிக அதிகம் என்று நிராகரித்தார்கள்! தனித்தனியாகப் பார்த்தால் இவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் பொறுமையாக இருந்த மருத்துவமனைக்கு ஆள் கிடைக்கவில்லை, யோசித்துப் பதில் சொன்ன மாணவருக்கு இடம் கிடைக்கவில்லை.

கடைசியில் எல்லாரும் விருப்பப் பட்டியலை ஒரே இடத்தில் கொடுப்பது, அங்கே பொருத்திப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். முதலில் வகுத்த முறையில், கிடைக்க முடியாத இடத்தை முதலில் எழுதிய மாணவர் தண்டிக்கப்படுவார் என்று மாணவர்களே கண்டுபிடித்து எதிர்த்தார்கள். முறை மாற்றப்பட்டது, 1952-இல் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு கழித்து 1962-இல் கணிதவியலாளர் டேவிட் கேலும் ஷேப்லியும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் உதாரணமாக வைத்த கணிதக் கட்டுரை அது. அதன் வழிமுறை எளியது. விண்ணப்பதாரர் முதல் விருப்பத்துக்கு விண்ணப்பிக்கிறார். அந்த இடம் வந்தவர்களில் சிறந்தவர்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது, உறுதி சொல்வதில்லை. மறுக்கப்பட்டவர் அடுத்த இடத்துக்குப் போகிறார்; அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருப்பவரைவிடத் தகுதி கூடியவர் என்றால் பழையவர் வெளியேறி இவர் உள்ளே. யாரும் புதிதாக விண்ணப்பிக்காத நிலை வரும்வரை இது தொடர்கிறது. அதன்பின் தரப்பட்ட இடத்தை விட்டுவிட்டுத் தங்களுக்குள் தனியே ஒப்பந்தம் செய்துகொள்ள விரும்பும் ஒரு மாணவரும் ஒரு மருத்துவமனையும் இருக்க மாட்டார்கள். இதைத்தான் நிலைத்த பொருத்தம் என்கிறோம். மருத்துவமனை நிர்வாகிகள் கணிதம் தெரியாமலே கண்டடைந்த முறையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே, ஒரு வேறுபாடு, அங்கே விண்ணப்பிக்கும் தரப்பு மருத்துவமனை என்று 1984-இல் ராத் நிறுவினார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நிர்வாகிகளே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால் பேராசிரியர் எதற்கு? நடந்து முடிந்ததற்கு விளக்கம் எழுதுவது ஒரு சாதனையா? கேட்க வேண்டிய கேள்விதான். ராத்தும் அதைக் கேட்டுக்கொண்டார். அந்த முறை பிழைத்தது அதன் நிலைத்தன்மையாலா, வெறும் அதிர்ஷ்டத்தாலா என்று. பதிலைத் தேடிப் பிரிட்டனுக்குப் போனது அவருடைய ஆய்வு. அங்கே வட்டாரத்துக்கு ஒரு பொருத்தும் முறை வைத்திருந்தார்கள். எடின்பரோவிலும் கார்டிஃபிலும் இருந்தவை நிலைத்த பொருத்தம் தருபவை, நீடித்தன. நியூகாசில், பர்மிங்காம் முறைகள் அப்படிப்பட்டவை அல்ல, கைவிடப்பட்டன. கணக்கு இவ்வளவு அழகாக முடிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும். கேம்பிரிட்ஜிலும் லண்டன் மருத்துவமனையிலும் நிலையற்ற முறைகள் உயிரோடு இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அவை சிறியவை, எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடங்கள். அதன்பின் பிட்ஸ்பர்க்கில் பொருளியலாளர் ஜான் கேகலோடு சேர்ந்து, நியூகாசில் முறையையும் எடின்பரோ முறையையும் சோதனைக்கூடத்தில் மனிதர்களை வைத்தே ஆடிப் பார்த்தார். வெளியுலகில் நடந்ததன் சாயல் அங்கும் தெரிந்தது. நிர்வாகிகள் ஒரு மருந்தைக் கண்டார்கள் என்றால், எந்தச் சரக்கால் அந்த மருந்து வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டியவர் ராத். அது தெரியாதவரை அடுத்த நோய்க்கு அதைக் கொடுக்க முடியாது.

அடுத்த நோய் வந்தது. பெண்கள் பெருமளவில் மருத்துவம் படிக்க வந்தார்கள். கணவன் மனைவி இருவருமே மருத்துவராகி ஒரே ஊரில் வேலை கேட்டார்கள். பழைய முறை இவர்களுக்கு ஏற்றதல்ல, பலர் வெளியேறினார்கள். தம்பதியர் இருக்கும்போது நிலைத்த பொருத்தம் இல்லாமலே போகலாம் என்று கணிதம் கைவிரிக்கிறது. 1995-இல் முறையைத் திருத்தித் தரும்படி ராத்தைக் கேட்டார்கள். எலியட் பெரன்சனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறை 1998-இல் நடைமுறைக்கு வந்தது. தேற்றம் உத்தரவாதம் தராத இடத்தில் உண்மைப் பட்டியல்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பொருத்தம் கிடைத்தது. மருத்துவமனைக்குச் சாதகமா, மாணவருக்குச் சாதகமா என்று அப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. விண்ணப்பிக்கும் தரப்பை மாற்றினால் வேறு இடம் கிடைப்பது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று தெரிந்தது. அவ்வளவு சத்தம், அவ்வளவு சிறிய வித்தியாசம். ஆனாலும் மாணவர் விண்ணப்பிக்கும் தரப்பாக மாறியதில் ஒரு பெரும் லாபம் உண்டு: அவர் தன் மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதலாம். எல்லாருக்கும் இந்தப் பாதுகாப்பைத் தரும் நிலைத்த முறை எதுவும் இருக்க முடியாது என்று 1982-இலேயே நிரூபித்தவரும் ராத்தான். ஒரு தரப்புக்கு மட்டுமே தர முடியும் என்றால் அது இளையவருக்கு இருக்கட்டும் என்பது கணிதத்தின் முடிவல்ல, தீர்ப்பு. நான் அந்தத் தீர்ப்போடு உடன்படுகிறேன்.

இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாஸ்டன் நகரப் பள்ளிகள் சாட்சி. ஒரு தாய் விண்ணப்பப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிடித்த பள்ளிக்குப் போட்டி அதிகம், இரண்டாவதும் பரவாயில்லை. அன்றைய விதிப்படி, ஒரு பள்ளியை முதலாவதாக எழுதியவர்களுக்கே அந்தப் பள்ளி முதல் சுற்றில் உறுதியாக ஒதுக்கப்படும். மனதில் உள்ளதை எழுதி முதல் பள்ளி கிடைக்காமல் போனால், இரண்டாவது பள்ளிக்குப் போய் நிற்கும்போது அங்கே இடம் நிரம்பியிருக்கும். எனவே விவரம் தெரிந்த தாய் இரண்டாவதை முதலாவதாக எழுதுவார். பெற்றோர் சங்கங்கள் கூடி எந்தப் பள்ளியை எங்கே எழுதுவது என்று வியூகம் வகுத்தன. கூட்டத்துக்குப் போக நேரமில்லாத, உள்ளதை உள்ளபடி எழுதிய குடும்பத்தின் பிள்ளை நான்காவது பள்ளிக்குப் போனது. ராத்தும் அப்துல்காதிரோலு, பராக் பாத்தக், சோன்மெஸ் ஆகிய பொருளியலாளர்களும் இதை எடுத்துக்காட்டிய பிறகு 2005-இல் பாஸ்டன் விதியை மாற்றியது. அதற்குமுன்பே விதியை மாற்றிய நியூயார்க்கில், தாங்கள் எழுதாத பள்ளியில் தள்ளப்பட்ட மாணவர்கள் 30,000 பேருக்கு மேல் இருந்தார்கள்; புது முறை வந்த முதல் ஆண்டே அது ஏறத்தாழ 3,000 ஆகக் குறைந்தது.

நல்ல பள்ளி பத்துதான் என்றால் எந்த முறையாலும் அது பதினொன்றாகாதே, பஞ்சத்தைப் பங்கிடுவதற்கு இத்தனை கணிதமா என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. பள்ளி கட்டுவது அரசின் வேலை, அதைப் பொருத்தும் முறை செய்யாது. ஆனால் எல்லாரும் உண்மையை எழுதும்போது எந்தப் பள்ளியை எத்தனை பேர் வேண்டாம் என்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. வியூகம் கலந்த பட்டியலில் அது தெரியாது. மோசமான பங்கீடு இருப்பதையும் வீணாக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஐ.ஐ.டி.களும் என்.ஐ.டி.களும் தனித்தனியாகச் சேர்க்கை நடத்தியபோது ஒரே மாணவர் இரண்டிலும் இடம் பிடித்து ஒன்றை விட்டுவிடுவார். அந்த இடம் காலியாகக் கிடக்கும். 2015-இல் இரண்டையும் இணைத்தபோது எடுத்துக்கொண்டது கேல், ஷேப்லி வழிமுறையைத்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இவ்வளவு சிக்கல் இல்லாததற்குக் காரணம், எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கட்-ஆஃப் தரவரிசை. முன்னால் இருப்பவர் முதலில் எடுத்துக்கொண்டால் போதும், அதுவே நிலைத்த பொருத்தம்.

இன்னொரு குற்றச்சாட்டு கடுமையானது. பொருத்தும் முறை இளம் மருத்துவர்களைப் பேரம் பேச விடாமல் செய்து சம்பளத்தை அமுக்குகிறது என்று 2002-இல் வழக்கே போட்டார்கள். 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்த முறைக்கு விலக்களித்தது. பியூலோ, லெவின் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தக் குற்றச்சாட்டுக்குக் கோட்பாட்டு வலுவும் தந்தார்கள். மருத்துவ உட்பிரிவுகள் சிலவற்றில் பொருத்தும் முறை இருந்தது, சிலவற்றில் இல்லை. இரண்டு வகையிலும் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று பொருளியலாளர் நீடர்லேயும் ராத்தும் காட்டினார்கள். எனக்கு அந்தப் பதில் ஏற்புடையதாகத் தெரிகிறது. ஆனால் சட்டம் இயற்றி வழக்கை முடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சரியான முறைக்கு நீதிமன்றத்தைக் கண்டு பயம் எதற்கு?

இனி சிறுநீரகத்துக்கு வருகிறேன். கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, ரத்த வகை ஏ. மனைவி கொடுக்கத் தயார், ஆனால் அவர் பி வகை. வேறொரு வீட்டில் நோயாளி பி, கொடுப்பவர் ஏ. மாற்றிக்கொண்டால் இரண்டு உயிர். சோன்மெஸ், உன்வெர் ஆகிய பொருளியலாளர்களுடன் ராத் 2004-இல் இதற்கான வழிமுறையை எழுதினார். ஷேப்லியும் ஸ்கார்ஃப் என்ற பொருளியலாளரும் 1974-இல் கற்பனை வீடுகளை வைத்து எழுதிய கணக்குதான் இதற்கு வேர். 2004-இலேயே அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவர்கள் இந்த மாற்றத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கொடுக்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டாலும் சிறுநீரகத்தைக் கட்டாயப்படுத்தி வாங்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. இந்த மனைவி கொடுத்து முடித்தபின் அந்த வீட்டார் மனம் மாறினால், இவர்களிடம் மாற்றிக்கொள்ள இனி எதுவும் இல்லை. அதனால் நான்கு அறுவை சிகிச்சைகளும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மூன்று ஜோடி என்றால் ஆறு அறுவை அரங்கு வேண்டும். பதிலுக்கு எதுவும் கேட்காத கொடையாளர் ஒருவர் முதலில் வந்தால் கணக்கே மாறுகிறது. ஒவ்வொரு ஜோடியும் முதலில் பெற்றுக்கொண்டு பிறகு கொடுக்கும். நடுவில் ஒருவர் பின்வாங்கினாலும் யாரும் இருந்ததை இழப்பதில்லை. எனவே ஒரே நேரத்தில் செய்யத் தேவையில்லை. மருத்துவர் மைக்கேல் ரீஸ் 2007-இல் தொடங்கிய அப்படி ஒரு சங்கிலியில் 10 பேர் சிறுநீரகம் பெற்றார்கள். யார் எந்த இடத்தில் பின்வாங்குவார், பின்வாங்கினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டது ஆட்டக் கோட்பாடு. இந்தியாவிலும் நெருங்கிய உறவினர் ஜோடிகள் இப்படி மாற்றிக்கொள்ள 2011-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடம் தருகிறது.

இப்படி மாற்றிக்கொள்வது கொல்லைப்புற வியாபாரம் என்பார்கள். பணம் கைமாறாத இடத்தில் அந்தச் சொல் பொருந்தாது. ஆனால் ராத்தும் ரீஸும் முன்வைத்த அடுத்த யோசனை அவ்வளவு எளிதல்ல. ஏழை நாட்டில் ஒரு தம்பதி. பொருத்தம் இருக்கிறது, சிகிச்சைக்குப் பணம் இல்லை. அவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்து, மனைவியின் சிறுநீரகம் ஓர் அமெரிக்கருக்கு, அங்கிருந்து ஒன்று கணவருக்கு. மிச்சமாகும் டயாலிசிஸ் செலவிலிருந்து இவர்களுடைய செலவு. 2015-இல் பிலிப்பைன்ஸ் தம்பதி ஒருவருக்கு இப்படித் தொடங்கியது. ஸ்பெயின் நாட்டு உறுப்பு மாற்று அமைப்பு இதை ஏழையின் உறுப்பை எடுக்கும் வேலை என்று எதிர்த்தது. நான் அந்த எதிர்ப்பை முழுதும் ஏற்கவில்லை. அந்தக் கணவர் உயிரோடு ஊர் திரும்பினார், தடுத்திருந்தால் திரும்பியிருக்க மாட்டார். ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு தம்பதிக்கு அதற்கான நிதி ஒதுக்கினார்கள், சரி. ஆயிரம் தம்பதி வரும்போது, ஊர் திரும்பிய ஐந்தாவது ஆண்டில் மாத்திரைக்கு யார் பணம் தருவார், தராவிட்டால் அவர் எந்த நாட்டு நீதிமன்றத்தில் கேட்பார்? ராத் மற்ற இடங்களில் கேட்ட அதே கேள்வி இது. இதற்கு விதியில் பதில் எழுதப்படும்வரை என் வாக்கை நிறுத்தி வைத்திருக்கிறேன்.