கண்ணாக வரும் நாய்

எங்கள் ஊர் திருவெள்ளறை. திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ளது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பான் எடுப்பித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு அங்கே உண்டு. நான்கு புறமும் படிகள் திரும்பித் திரும்பி இறங்குவதால், ஒரு துறையில் நிற்பவர் அடுத்த துறையில் இருப்பவரைக் காண இயலாது. கண்ணுடையாரும் பார்த்துக் கால் வைக்க வேண்டிய இடம் அது.

ஜெர்மனியில் வாழும் என் தமக்கை மகள் அக்கிணற்றில் இறங்கிப் பார்க்க விரும்பினாள். அவளோ பிறவியிலேயே பார்வையற்றவள். வழிகாட்டி நாய் ஒன்றே அவளுக்குத் துணை. "மாமா, அதை விட்டு நான் எப்படி வருவேன்?" என்று கேட்டாள். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக இத்தகைய நாய்களைப் பழக்கும் பள்ளி 1916-இல் தோன்றியதும் அந்நாட்டு ஓல்டன்பர்க் நகரில்தான்.

மார்கழிப் பயணத்துக்குச் சீட்டும் வாங்கியாயிற்று. அப்போது அங்குள்ள கால்நடை மருத்துவர், "திரும்பி வருவதற்கான இரத்தப் பரிசோதனை முடிந்ததா?" என்று வினவினார். முடியவில்லை.

அப்பரிசோதனை எதற்கு? குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் தோன்றியும், வெறிநாய்க்கடி நோய் நம் நாட்டைவிட்டு இன்னும் அகலவில்லை. ஆதலின் இங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லும் நாயின் தோலடியில் அடையாளச் சில்லு இருத்தல் வேண்டும், அதன்பின் தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாளேனும் கழித்து இரத்தப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் எதிர்ப்பாற்றல் 0.5 அலகுக்குக் குறையலாகாது. ஐரோப்பாவை விட்டுப் புறப்படுமுன் இதனை முடித்து, நாயின் கடவுச்சீட்டில் பதிந்துகொண்டால், தடையின்றித் திரும்பலாம். மறந்து வந்துவிட்டாலோ, இரத்தம் எடுத்த நாள் முதல் மூன்று மாதம் காத்திருத்தல் வேண்டும். வழிகாட்டி நாய்க்கும் இதில் விலக்கில்லை. விடுமுறை முடிந்து அவள் அங்கே, அவள் கண் இங்கே என்றாகியிருக்கும்!

அவள் வருந்தினாள், ஆயினும் பயணத்தைத் தள்ளி வைத்தாள். இந்திய விலங்கு நோய்த் தடுப்பு நிலையத்தின் தடையின்மைச் சான்றையும், மருத்துவச் சான்றையும், நாயின் பயிற்சிச் சான்றையும் தேடிப் பெற்றாள். விமானக் கம்பெனிக்கும் முன்னரே தெரிவித்தாள். திருச்சியில் பன்னாட்டு விமான நிலையம் இருந்தும், வெளிநாட்டு நாய் அங்கு இறங்க இயலாது. அதற்குரிய நிலையம் சென்னையில் உள்ளது. ஆகவே சென்னையில் இறங்கி, தரைவழியே ஊர் வந்து சேர்ந்தாள்.

மாணவர்களே, விதிகளைக் கண்டு நாம் சினப்பதுண்டு. இவ்விதிகள் கேட்பது பெரும்பாலும் காலத்தையே. அதனை முன்கூட்டிக் கொடுப்பவர்க்கு அவை வழி விடுகின்றன. நாம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. பணியிலிருக்கும் வழிகாட்டி நாயைத் தொடாதீர்கள். தீனி காட்டி அழைக்காதீர்கள். அதன் கவனம் சிதறினால் தடுமாறுவது ஒரு மனிதரின் கால்.

பங்குனியில் ஒரு காலை, கிணற்றின் முதற்படியில் அந்நாய் நின்றது. அவளும் நின்றாள். பின் கால் நீட்டிப் படியை உணர்ந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இறங்கினாள். நாங்கள் எவரும் அவள் கையைப் பற்ற வேண்டியிருக்கவில்லை.