ஆற்று நீரின் உஷ்ணமும் மீன்களின் வாசமும்



மார்கழி விடியற்காலையில் கிணற்று ஜலம் வெதுவெதுப்பாயும், சித்திரை நடுப்பகலில் குளிர்ச்சியாயும் இருப்பதை அறியாத குடியானவர் இல்லை. பூமிக்குள் இருக்கும் நீரின் உஷ்ணம் வருஷ முழுவதும் அதிகமாக மாறுவதில்லை. ஆற்றின் கதி வேறு. மலையில் ஊற்றாய்ப் புறப்படும்போது குளிர்ந்திருக்கும் நீர், கீழே இறங்க இறங்கச் சூடேறுகிறது. எந்த மீன் எவ்விடத்தில் வாழும் என்பதற்கு இதுவே முக்கிய காரணங்களில் ஒன்று.

நீரின் உஷ்ணம் எவ்வளவோ, பெரும்பாலும் மீனின் உடல் உஷ்ணமும் அவ்வளவே. நீர் சூடேறினால் மீனுக்குப் பிராணவாயு அதிகமாக வேண்டும். ஆனால் 10 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே ஏற்கும். செலவு ஏறும்போது வரவு குறைகிறது.

நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ம் வருஷத்தில் டிரவுட் மீன் பொரிப்பகம் ஏற்பட்டது. அயல்நாட்டிலிருந்து வந்த அம்மீன் மலையோடைகளில் நிலைத்தது. அவ்வோடை நீர் குந்தா ஆற்றின் வழியே பவானியில் கலந்து, பின்னர் காவிரியைச் சேர்கிறது. ஆயினும் டிரவுட் சமவெளியில் குடியேறவில்லை. 20 டிகிரிக்கு உட்பட்ட நீரில் செழிக்கும் அதற்குக் கீழ்நாட்டு நீரின் சூடே வேலியாயிற்று.

கீழே மோயாற்றின் ஆழ்மடுக்களில் மாசீர் என்னும் பெருங்கெண்டை வாழ்கிறது. சமவெளிக் கெண்டை இனங்களுக்கு 25 முதல் 30 டிகிரி வரை ஏற்றது. விரால், நீர்மட்டத்திற்கு வந்து காற்றைச் சுவாசிக்க வல்லதாகையால் சூடான சேற்றுக் குட்டையிலும் பிழைக்கும்.

ஒரே ஊர் ஆற்றிலும் இப்பேதம் உண்டு. கோடையில் மணல் திட்டின் ஓரத்து நீர் கொதிக்கும்போது, அடியில் ஊற்றுக் கசியும் மடுவும், நீர்மத்தி மரத்தின் நிழலும் குளிர்ந்திருக்கும். மீன்கள் அங்கே ஒதுங்கும். அச்சமயம் மடுவை நஞ்சிட்டோ வெடி வைத்தோ அரித்தால், அடுத்த வருஷத்து வித்தும் உடன் அழியும்.

ஆகையால் சங்கங்கள் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மீன்குஞ்சு வாங்குமுன், சித்திரை வைகாசி மாதங்களில் விடியற்காலையிலும் பிற்பகல் 3 மணிக்கும் உஷ்ணமானியைக் கொண்டு நீரின் சூட்டை அளந்து குறித்து வருதல். இரண்டாவது, கோடைமடுவில் மீன்பிடிப்பதை நிறுத்தி வைத்தல். மூன்றாவது, கரை மரங்களை வெட்டாது காத்தல்.

குஞ்சுக்குக் கொடுக்கும் பணம் அங்கத்தினர்களின் பங்குத்தொகை. அதை நீரில் இடுமுன் அந்நீரின் குணத்தை அறிந்துகொள்ளுதல் சங்கத்தின் கடமையாகும்.