உறக்கந் தரும் குளிசையும் ஒரு பரம்பரைப் பிணியும்



1688ஆம் ஆண்டிலே, ஒல்லாந்து தேசத்து ரொட்டர்டாம் நகரிலிருந்து ஆரியான்சே யாக்கப்ஸ் என்னும் அநாதைப் பெண்ணொருத்தி நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறி வந்தாள். அங்கே குடியேறியிருந்த கெரிற் யான்ஸ் என்பவரை மணந்தாள். தென்னாபிரிக்காவில் வாழும் இவர்களுடைய வழித்தோன்றல்களிடையே 'போர்பிரியா' என்னும் பிணி தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை, வைத்தியர் ஜெஃப்ரி டீன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வமிசாவளிகளை ஆராய்ந்து கண்டறிந்தார்.

முன்னாளிலே அக்குடும்பத்தினர் பலர், வெயில் பட்ட தோல் கொப்புளித்தலன்றிப் பிறிதொரு துன்பமறியாது முதுமைவரை வாழ்ந்தனர். பின்னர் பாபிற்றியூரேற்று என்னும் உறக்க மருந்துகள் வழக்கிற்கு வந்தன. அவற்றை உட்கொண்டோருட் சிலருக்குக் கடும் வயிற்றுவலி கண்டது, சிறுநீர் செந்நிறமாயிற்று, கைகால்கள் முடங்கின, மரணமும் நேர்ந்தது.

காரணம் யாது? ஈரலானது மருந்துகளைச் சிதைப்பதற்கு, 'ஹீம்' என்னும் பொருள் அடங்கிய நொதியங்களைப் பயன்படுத்துகின்றது. சில மருந்துகள் அந்நொதியங்களைப் பெருக்குமாறு ஈரலைத் தூண்டும். அப்பொழுது ஹீமின் தேவை மிகும். அதனை ஆக்கும் வழியிலே பிறவிக்குறை உடையோருக்கு, இடைப்பொருள்கள் தேங்கி நரம்புகளைத் தாக்கும். பட்டினியும் இத்தீங்கினை விளைவிக்க வல்லது.

ஆகவே தீமை உறக்கத்தில் இல்லை. ஈரலைத் தூண்டும் இயல்பிலேயே உள்ளது. தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் நாம் உட்கொள்ளும், உறக்கந் தரும் குளிசைகளையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். அவற்றுள் குளோபெனிரமினும் புரோமெதசினும் இந்நோயாளருக்கு ஏற்றவையெனப் பிரித்தானிய வைத்திய வல்லுநர் கொள்வர். அதே வகுப்பைச் சேர்ந்த ஐதரொட்சிசினோ தவிர்க்கப்படவேண்டியதென எச்சரிக்கப்பட்டுள்ளது. உறக்கம் தருவதால் எல்லாவற்றையும் அஞ்சி ஒதுக்குவதும், ஒன்று நன்றாயிற்று என்பதால் மற்றொன்றை நம்பி விழுங்குவதும் ஒருங்கே தவறாகும். தடிமன் மருந்துகள் பலவற்றிலே வேறு சரக்குகளும் கலந்திருத்தலால், உறையின்மேல் எழுதியுள்ள பெயர்கள் அனைத்தையும் வாசித்தல் நன்று. நோய் மூண்டிருக்கும் வேளையிலே மூச்சுத் தசைகள் தளரக்கூடும். ஆதலால் அப்போது ஏற்ற மருந்தாயினும் வைத்தியரின் கண்காணிப்பிலேயே கொடுக்கப்படல் வேண்டும்.

இப்பிணியுடையார் தமது நோயின் பெயரை எழுதிய சீட்டொன்றினை எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் நலம். பல்லைப் பிடுங்கச் சென்றாலும், சத்திரசிகிச்சைக்குச் சென்றாலும் அதனை முதலிற் காட்டுக. உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் தம்மைப் பரிசோதித்துக்கொள்க. நோய்க்குறி யாதுமின்றி இக்குறையைத் தாங்கி வாழ்வோர் பலர். முன்னரே அறிந்தோர்க்கு ஆபத்து மிகக் குறைவு.