திமிங்கிலம் காணச் செல்லுதல்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் இந்த அவையின்முன் வைக்கப்படும் பொருள் கடலைப் பற்றியது. சேத்தியாத்தோப்பு கடற்கரை ஊர் அன்று. எனினும் இங்குள்ள அணைக்கட்டைத் தாண்டிச் செல்லும் வெள்ளாற்று நீர் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்திலிருந்து தென்கிழக்கே, கடல்வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், அதே வங்கக் கடலின் கரையில் திருகோணமலை இருக்கிறது. திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம் அது. கோணேசர் கோயில் அமைந்த பாறையின் மேலிருந்து பார்ப்பவருக்கு, பருவம் வாய்த்தால், திமிங்கிலத்தின் மூச்சு வெண்புகை போல் எழுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். அண்மையில் காண விரும்புவோர் சிறு படகில் செல்கின்றனர். அந்த ஒருநாள் பயணம் எழுதுகிறவர்க்கு எதைக் கற்பிக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் பெயரைக் காண்போம். 'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று அகராதி அடுக்கிச் சொல்லும். வடமொழி வழியே வந்த இப்பெயரோடு, கண்டதையெல்லாம் விழுங்கும் பூதம் என்ற கற்பனையும் கூடவே வந்து சேர்ந்தது. இன்றும் மேடைக் கவிதையில் திமிங்கிலம் என்றால் சிறுமீனை விழுங்கும் செல்வந்தனுக்கு உவமை. உண்மையில் அது மீனே அன்று. மேலே வந்து காற்றை உள்ளிழுத்து, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் விலங்கு. கடலுக்கு நாளும் சென்று வந்த பரதவர் நோக்கு வேறு வகைப்பட்டது. சுறாவின் கொம்பை நட்டு அவர்கள் வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. அவர்கள் வணங்கியதும் தாம் கையால் தொட்டு அறிந்த ஒன்றையே.

இனிப் பயணம். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய பின், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அதையடுத்தும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து விடியற்காலையில் படகுகள் புறப்படுகின்றன. பெரும்பாலும் மீன்பிடிக்கப் பயன்படும் கண்ணாடி இழைப் படகுகளே இவை. பின்புறம் வெளிப்பொருத்து இயந்திரம் இருக்கும். வழிகாட்டிகளிற் பலர் மீனவர், பேச்சு தமிழ். மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடியில் ஓர் ஆழ்பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆகவே கரைக்கு அண்மையிலேயே கடல் மிக ஆழமானது. வேறிடங்களில் நெடுந்தொலைவு சென்று காணவேண்டிய ஆழ்கடல் உயிர்கள் இங்கே கோயில் மணியோசைக்கு எட்டும் தொலைவுக்கே வந்துவிடுகின்றன.

படகில் ஏறியவர் முதலில் அறிவது காத்திருத்தலை. நெடுநேரம் வெறும் நீர். இடையே ஓங்கல் கூட்டம் துள்ளிச் செல்லும். பிறகு படகோட்டி கை நீட்டுகிறார். தொலைவில் ஒரு மூச்சு ஒன்பது மீட்டர் உயரம் வரை எழுந்து கலைகிறது. அவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கிறார். விலங்கின் முன்னே குறுக்கிடாமல், பின்னே துரத்தாமல், பக்கவாட்டில் விலகி நிற்பதே முறை. இலங்கை அரசின் விதிகள் 100 மீட்டர் இடைவெளியை வற்புறுத்துகின்றன. நீலச்சாம்பல் நிற முதுகு உருண்டு உருண்டு செல்கிறது, சென்றுகொண்டே இருக்கிறது. படகைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீளம். இறுதியில் வால் மேலெழுந்து, நீர் வடிய நின்று, ஓசையின்றி இறங்குகிறது. மறைந்த இடத்தில் எண்ணெய் பூசியது போன்ற வழவழப்பான வட்டம் ஒன்று நீர்மேல் சிறிது நேரம் இருக்கும். அதைக் காலடித் தடம் என்பர். மறுபடி மூச்சு எழப் பத்து நிமிடமேனும் காத்திருக்க வேண்டும்.

இத்தனை பெரிய உயிர் எதை உண்டு வாழ்கிறது? இலங்கைக் கடல்வாழ் உயிரியலாளர் ஆஷா த வோஸ் தம் குழுவினருடன் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலத்தின் முதன்மை உணவு, செர்கெஸ்டிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணிய இறால்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் காயவைத்துப் படியில் அளந்து விற்கும் கூனியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பெருமீனை விழுங்குவது என்று பெயர் பெற்ற உயிர், நம் அடுப்படிக் கூனியின் உறவை உண்டு உடல் வளர்க்கிறது. செவிவழிக் கற்பனை சொன்ன திமிங்கிலத்தைவிட, கண்டு அறிந்த திமிங்கிலமே பெரிய வியப்பு.

கவிஞர்கள் கருத வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. நீலத் திமிங்கிலங்கள் பாடுகின்றன. மிகத் தாழ்ந்த சுருதியில், நீருக்கடியில் நெடுந்தொலைவு செல்லும் பாட்டு அது. கடலுக்குக் கடல் அது வேறுபடும். வட்டார வழக்கு என்றே சொல்லலாம். இலங்கைக்கு உரிய பாட்டு 1984-இல் திருகோணமலைக் கடலில் பதிவு செய்யப்பட்டது. 2020-இல் ஓமன் கடலிலிருந்து, அதுவரை அறியப்படாத வேறொரு பாட்டு ஆய்வுலகுக்கு அறிவிக்கப்பட்டது. பல கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் கோடையில் துருவக் கடலுக்குச் சென்று மீள்வன. இலங்கைக் கடலில் வாழ்வனவோ தென்துருவம் செல்லாமல் இவ்வெப்பக் கடலிலேயே உண்டு, ஈன்று, பாடி வாழ்கின்றன.

அந்தப் பாட்டுக்கு வந்த இடர்கள் பல. 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் விதிகளை மீறி நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. 1979-இல் அனைத்துலகத் திமிங்கில வேட்டை ஆணையம் இப்பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. பின் இலங்கையில் போர் மூண்டது. திருகோணமலை மீனவர்க்கே கடல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2009-இல் போர் முடிந்த பிறகுதான் இப்பயணங்கள் அங்கே பெருகின. இன்றைய இடர் கப்பல். தெய்வேந்திர முனைக்குத் தெற்கே செல்லும் பெருவழி உலகின் நெரிசல் மிகுந்த கப்பற்பாதைகளுள் ஒன்று. அது திமிங்கிலங்கள் மேயும் நீரின் ஊடே செல்கிறது. மோதி இறப்பன உண்டு. மோதாத கப்பலின் இரைச்சலும் பாட்டை மூடுகிறது. 2022-இல் எம்.எஸ்.சி. என்னும் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை மேலும் தெற்கே விலக்கிச் செலுத்த முன்வந்தது. கப்பல்களுக்குச் சிறு சுற்று, திமிங்கிலங்களுக்கு உயிர்.

காணச் செல்வோரும் குற்றத்திற்கு அப்பாற்பட்டவர் அல்லர். ஒரு மூச்சு எழுந்ததும் நாற்புறமும் படகுகள் விரைந்து சூழ்ந்தால், திமிங்கிலம் மேயாமல் மூழ்கிவிடும். கட்டணம் கொடுத்தவர் அருகே போகச் சொல்லி வற்புறுத்துவதும், பிழைப்பை எண்ணிப் படகோட்டி இணங்குவதும் நடக்கின்றன. நல்ல படகோட்டி மறுத்துவிடுவார். பயணிகள் முணுமுணுத்தாலும் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். பல வேளைகளில் அப்படிக் காத்திருந்த படகின் அருகேதான் திமிங்கிலம் தானாக எழுகிறது.

எழுதுகிறவர்க்கும் இதுவே பாடம். பொருளைத் துரத்திப் பிடித்து உவமையாக்கிவிடும் வேகம் இன்றைய கவிதையில் மிகுதி. அது இருக்கும் இடத்துக்குச் சென்று, விலகி நின்று, அதன் மூச்சு எழும்வரை பொறுப்பவர் குறைவு. பத்தாண்டுகள் கவியரங்கம் கண்ட இவ்வட்டம், வரும் ஆண்டில் ஒருநாள் வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டைக்குச் செல்லலாம். கரையோர மக்களிடம் மீனுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதி வரலாம். கப்பல் இரைச்சலில் திமிங்கிலத்தின் வழக்கு மறைவது போலவே அச்சொற்களும் மறைந்து வருகின்றன. அவற்றுள் நூறு சொற்களைத் திரட்டினாலும் அடுத்த மலருக்கு அது தகுந்த பொருளாகும்.