மலைப்பாதையில் முதல் ஓட்டுநர் பருவமே!

('உயர்மலைப் பயணத்தில் நமக்குத் துணை நிற்பது வாகனமா, வாகனமோட்டியா, பருவமா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துமேடையில், 'பருவமே' என்ற அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய இருவரும் நன்றாகவே பேசினார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால் இமயமும் ஒரு மேடுதான் என்றார் ஒருவர். வண்டியில் என்ன இருக்கிறது, பிடிக்கிற கையில்தான் எல்லாம் இருக்கிறது என்றார் இன்னொருவர். இருவரையும் நான் ஒரு பாதைக்கு அழைத்துப் போகிறேன். யார் சொல்வது சரி என்பதை அந்தப் பாதையே சொல்லட்டும்.

இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ஸ்பித்திப் பள்ளத்தாக்கின் காசா நகருக்குப் போகிற பாதை அது. தூரம் சுமார் 200 கிலோமீட்டர். நம் கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகிற தூரம்தான். நாம் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ போய்ச் சேர்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்போம். அங்கே எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை, தொடக்கத்தில் உள்ள ரோதாங் கணவாயின் சிரமத்தைக் குறைத்துவிட்டது. ஆனால் கிராம்பூ என்ற இடத்தைத் தாண்டி சந்திரா ஆற்றை ஒட்டிப் போகும்போது கல்லும் மண்ணும் ஓடை நீரும் கலந்த தடம் வருகிறது. பாத்தல் என்ற இடத்துக்குப் பிறகு குன்சும் கணவாய். அதன் உயரம் 4,551 மீட்டர். சபாவில் உள்ள கினபாலு மலையின் உச்சியே 4,095 மீட்டர்தான். கினபாலு உச்சிக்கும் மேலே 450 மீட்டர் உயரத்தில் வண்டி ஓட்டுவதை எண்ணிப் பாருங்கள்!

வண்டிதான் பெரிது என்ற நண்பரே, அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் கணிசமான பகுதியை இழந்துவிடும். கேமரன் மலையில் துள்ளி ஏறிய வண்டி அங்கே முதல் கியரில் முனகும்.

ஓட்டுகிற கைதான் பெரிது என்ற நண்பரே, அந்தக் கையை இயக்குகிற மூளைக்கும் அதே காற்றுதான். 2,000 மீட்டர் உயரமுள்ள மணாலியில் காலையில் புறப்பட்டு, 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள சந்திரதால் ஏரிக்கரையில் அன்றிரவே படுத்தால் தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்குகிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இருபது ஆண்டு அனுபவமுள்ள வாகனமோட்டிக்கும் இதில் விலக்கு இல்லை.

இனி என் கட்சிக்கு வருகிறேன். நாம் பூமத்திய ரேகையோரம் வாழ்கிறவர்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலும் மழையும்தான். பருவம் வந்து சாலையை மூடும், பருவம் வந்து திறக்கும் என்பது நமக்குப் புதிய செய்தி. குன்சும் வழி ஆண்டில் பாதிக்கு மேல் பனியில் மூடிக் கிடக்கும். பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். அப்போது இருபுறமும் பனிச்சுவர், நடுவே உருகிய நீர். ஜூலை, ஆகஸ்டில் பருவமழை மணாலிப் பக்கம் மலைச்சரிவுகளைக் கரைக்கும். செப்டம்பரில் வானம் தெளியும், ஓடைகள் அடங்கும். அக்டோபரில், பகலில் பாதையில் வழிந்த நீர் இரவில் உறைந்து, காலையில் கண்ணாடி போல் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்கு மட்டும் தெரியும். ஒரே பாதை, ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். மாதம் மாறினால் ஆபத்தும் மாறுகிறது.

மாதம் மட்டுமா? மணியும் மாறுகிறது. அங்கே ஓடைகள் பாலம் இல்லாமல் பாதையின் குறுக்கே ஓடுகின்றன. நாலா என்பார்கள். இரவுக் குளிரில் மேலே பனி உருகுவது குறையும். காலையில் கணுக்கால் அளவு நீர். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை முழங்காலைத் தாண்டிப் பாறையை உருட்டிக்கொண்டு வரும். காலை ஏழு மணிக்குச் சாதாரண ஓட்டுநர் கடந்துவிடுவதை, மாலை நான்கு மணிக்குத் திறமைசாலியும் கடக்க முடியாமல் நிற்பார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அங்கே ஆழம் தெரிந்தால் போதாது, நேரமும் தெரிய வேண்டும்.

நாட்காட்டியைப் பார்த்தால் போதுமே என்று எதிரணியினர் கேட்கலாம். போதாது ஐயா! பாதுகாப்பான மாதம் என்று பெயரெடுத்தது செப்டம்பர். 2018 செப்டம்பரில் அங்கே திடீரென்று கடும்பனி கொட்டி, நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் போய் மீட்டன. 2023 ஜூலையில், நடுக் கோடையில், சந்திரதால் பகுதியில் பனி விழுந்து ஏறக்குறைய 300 பேர் சில நாட்கள் வெளியேற முடியாமல் இருந்தார்கள். அவர்களிடம் நல்ல வண்டி இல்லையா? நல்ல ஓட்டுநர் இல்லையா? இருந்தார்கள். பாதையில் பனியை அகற்றிய பிறகுதான் வெளியே வர முடிந்தது. ஆகவே பருவம் என்று நான் சொல்வது தாளில் அச்சிட்ட மாதத்தை அல்ல. இன்று காலை அந்த மலை எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

திருவள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். அடுத்ததே காலமறிதல். அதற்கடுத்து இடனறிதல். வலிமையை மட்டும் சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லையே! எதிரணியினர் வலியறிதலோடு நின்றுவிட்டார்கள்.

நேயர்களே, இதை வெறும் வாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பிள்ளைகள் பலர் இப்போது கூட்டாகச் சேர்ந்து இமயத்துக்குப் போகிறார்கள். அலுவலகத்தில் கிடைப்பது ஒரு வார விடுமுறை. திங்கட்கிழமை வேலை, ஞாயிற்றுக்கிழமை விமானம். மலையில் மனிதனை அவசரப்படுத்துவது அந்த விமானச் சீட்டுதான். ஓடை பெருகிவிட்டது, நாளை காலை கடக்கலாம் என்று உள்ளூர் ஓட்டுநர் சொல்வார். விமானம் போய்விடுமே என்று மனம் சொல்லும். அந்த இடத்தில்தான் உயிர் ஊசலாடுகிறது.

அதனால் போகிறவர்களிடம் நான் கேட்பது சிலவே. பயணத் திட்டத்தில் இரண்டு நாள் சும்மா விடுங்கள். விடியலில் புறப்படுங்கள். மணாலியிலேயே எண்ணெயை நிரப்பிக்கொள்ளுங்கள். இந்த வழியில் அடுத்த நிலையம் காசாவில்தான். எதிரே வருகிற ஓட்டுநரை நிறுத்தி, முன்னால் பாதை எப்படி என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் திரும்பி வாருங்கள். அடுத்த ஆண்டும் குன்சும் அங்கேயேதான் இருக்கும்.

நடுவர் அவர்களே, நல்ல வண்டி வேண்டும், நல்ல ஓட்டுநரும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் போ என்றும் நில் என்றும் சொல்கிற அதிகாரம் மலைக்கும் அதன் பருவத்துக்கும்தான் உண்டு. எனவே, உயர்மலைப் பயணத்தில் துணை நிற்பது பருவமே, பருவமே என்று கூறி விடைபெறுகிறேன்.