மணியில் எழுதிய ஆண்டு



நம் தாராவியில் மணிச் சத்தம் கேட்காத நாள் உண்டா? காலையில் கோயில் மணி கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி கேட்கிறது. இன்று சில பழைய மணிகளின் கதையைச் சொல்கிறேன். இது கட்டுக்கதை அல்ல. நடந்த கதை.

தாதரில் விரார் வண்டி ஏறினால் வசாய் ரோடு வரும். அந்த வசாயில் கடலோரம் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. 1534-ல் வசாய் போர்ச்சுகீசியர் கைக்குப் போனது. 200 ஆண்டுக்கு மேல் அவர்கள் அங்கே ஆண்டார்கள். கோட்டைக்குள் பல சர்ச்சுகளைக் கட்டினார்கள். அவற்றில் பெரிய மணிகளைத் தொங்கவிட்டார்கள். அப்போது வீட்டுக்கு வீடு கடிகாரம் ஏது? ஜெபமானாலும் சாவானாலும் ஊருக்குச் சொன்னது மணிதான்.

1739-ல் மராட்டியப் படை கோட்டையைச் சுற்றி வளைத்தது. பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா படையை நடத்தினார். இரண்டு பக்கமும் ஏராளமானவர்கள் செத்தார்கள். மே மாதம் கோட்டை விழுந்தது. வென்றவர்கள் சர்ச் மணிகளை இறக்கிக் கொண்டு போனார்கள். கோயில்களில் கட்டினார்கள்.

நாசிக்கில் கோதாவரிக் கரையில் நாரோசங்கர் கோயில் இருக்கிறது. 1747-ல் கட்டிய சிவன் கோயில். அதன் வாசலில் தொங்குவது போர்ச்சுகீசிய மணி. அதில் 1721 என்று ஆண்டு இருக்கிறது. வாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் மேணவலி என்ற கிராமம். அங்கே கிருஷ்ணா ஆற்றங்கரையில் இன்னொரு மணி. எடை சுமார் 650 கிலோ என்கிறார்கள். 50 கிலோ அரிசி மூட்டை 13 சேர்ந்த கனம்! அதில் குழந்தை இயேசுவை ஏந்திய மாதா உருவம் இருக்கிறது. 1707 என்ற ஆண்டும் இருக்கிறது. பீமாசங்கர் கோயிலிலும் இப்படி ஒரு மணி உண்டு.

ஒருவர் இழந்தது இன்னொருவருக்கு வெற்றிச் சின்னம் ஆனது. போர் என்றால் அப்படித்தான். மணி மட்டும் யார் அடித்தாலும் அதே குரலில்தான் ஒலிக்கிறது.

சரி, இது சர்ச் மணி என்று நமக்கு எப்படித் தெரிந்தது? மணியில் உள்ள உருவமும் எழுத்தும் சொன்னது. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி அச்சில் ஊற்றி மணி வார்ப்பார்கள். ஆண்டையும் பெயரையும் அந்த அச்சிலேயே செதுக்கி விடுவார்கள். 300 ஆண்டு மழைக்கும் அது அழியவில்லை. வாய்ப்பேச்சு மாறும். எழுத்து நிற்கும்.

இதை என் அம்மா பட்டுத் தெரிந்துகொண்டார். நாங்கள் ஒரு வாடகை ரூமுக்கு 20,000 ரூபாய் டிபாசிட் கொடுத்தோம். அம்மா தாளில் கைநாட்டு வைத்தார். ரூமைக் காலி செய்தபோது 2,000 தான் கொடுத்தார்கள். தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஒரு சைபர் குறைவு. அம்மா அழுதார். "வாயால் 20,000 என்றுதானே சொன்னார்கள்!" என்றார். யார் கேட்பார்கள்? அன்று முதல் எண் படிக்கத் தொடங்கினார். அந்த ஒரு சைபர்தான் என்னையும் இந்த வகுப்புக்குத் தொண்டராகக் கொண்டு வந்தது.

இன்னொரு மணியையும் சொல்லி முடிக்கிறேன். கடல் தாண்டி வெகுதூரத்தில் நியூசிலாந்து இருக்கிறது. சுமார் 1836-ல் கோலன்சோ என்ற மிஷனரி அங்கே ஒரு உடைந்த மணியைப் பார்த்தார். மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பைச் சுற்றி ஏதோ எழுத்து. அங்கே யாருக்கும் அது புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது நம் தமிழ் எழுத்து! முகையதீன் பக்சு என்பவருடைய கப்பல் மணி என்று எழுதியிருந்தது. அந்த மணி அங்கே எப்படிப் போனது என்று இன்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. மணி இப்போது வெலிங்டன் நகரில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எழுதி வைத்ததால் ஒரு பெயர் பிழைத்தது. படிக்கத் தெரிந்தவர் இருந்ததால் அது பேசியது.

இனிமேல் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போனால் மணியை அடிப்பதோடு நிற்காதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அடுத்த வகுப்பில் எனக்கும் சொல்லுங்கள். எந்தத் தாளிலும் எண்ணைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.